விருந்துக்கூடத்துப் பழம்பொருட்களோடு 19 வருடங்கள்

விருந்து முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் அந்தக் கூடத்துக்குள் போய்விடுவேன். விளக்கைப் போடுவதில்லை, திரையையும் விலக்குவதில்லை. கையில் ஒரு டார்ச் மட்டும். நீள மேசையின் ஒரு முனையில் குனிந்து, கன்னம் பலகையைத் தொட்டுவிடும் அளவுக்குத் தலையைச் சாய்த்து, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து அடித்தால் முந்தின இரவு நடந்தது அத்தனையும் மரத்தின் மேல் எழுந்து நிற்கும். தட்டை இழுத்த கோடு, கோப்பை உட்கார்ந்த வட்டம், யாரோ பேச்சு சுவாரசியத்தில் முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்த நாலைந்து புள்ளிகள். மேலே இருந்து பார்த்தால் இதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

அரசு மாளிகை ஒன்றின் விருந்துக்கூடத்தில் உள்ள பழைய மரச்சாமான்களையும் அலங்காரப் பொருட்களையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சேர்ந்து 19 வருடம் ஆகிறது. ஒரு மஹோகனி மேசை, நாற்பது நாற்காலிகள், சுவரோரம் இரண்டு சைட்போர்டுகள் (பரிமாறும் பாத்திரங்கள் வைக்கும் நீள அலமாரிகள்), பெரிய நிலைக்கண்ணாடி, ஒரு ஜோடி கிளை மெழுகுவர்த்தித் தாங்கிகள், வெள்ளிப் பாத்திரங்கள், பீங்கான். அருங்காட்சியகத்தில் இருந்தால் இவற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று எழுதி வைத்திருப்பார்கள். இங்கே அப்படி இல்லை. 180 வயது நாற்காலியில் மனிதர் உட்காருகிறார், சாய்கிறார், சிரிக்கும்போது பின்னங்கால் இரண்டில் மட்டும் நிற்கிறார். பயன்படுத்திக்கொண்டே காப்பாற்ற வேண்டும். அதில் நான் கற்றது பெரும்பாலும் தவறு செய்து கற்றது. இந்த மாதிரிப் பொருட்களைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்காவது புதிதாக வந்திருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்த மெழுகுவர்த்தித் தாங்கிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நினைக்காமல் எனக்கு ஒரு வாரம்கூடப் போனதில்லை.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், தாங்கிகள் மங்கிப்போய் இருக்கின்றன, பளபளவென்று ஆக்குங்கள் என்றார்கள். பார்த்தால் பித்தளை மாதிரிதான் இருந்தது. பித்தளைக்குப் போடும் பாலிஷை எடுத்தேன். பஞ்சுத் துணியில் நனைத்து, ஒரு தாங்கியின் அடிப்பாகத்தில் இருந்த இலைக்கொத்தின் மேல் தேய்த்தேன். துணி கறுத்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், இலையின் மேடான நரம்புகளில் மஞ்சள் போய், அடியில் பழுப்பாக வேறு ஓர் உலோகம் எட்டிப் பார்த்தது. அந்தத் துணியில் இருந்த கறுப்பில் தங்கமும் இருந்தது.

அது வெண்கலத்தின் மேல் நெருப்பில் ஏற்றிய தங்க முலாம். பொன்னைப் பாதரசத்தோடு சேர்த்துக் குழைத்து, வெண்ணெய் பதத்தில் பூசி, தணலில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், பொன் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஆவியைச் சுவாசித்தே கைவினைஞர்கள் நோயாளிகள் ஆனார்கள். 1840இல் இங்கிலாந்தில் எல்கிங்டன் என்பவர் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு பழைய முறை மெல்ல மெல்ல ஒழிந்துபோனது. ஆக, நான் தேய்த்து எடுத்ததை அதே மாதிரி திரும்பப் பூசித்தர ஆளைத் தேடுவது மிகக் கடினம். அதற்கும் மேலே ஒரு விஷயம்: நான் அழுக்கு என்று நினைத்த மங்கலில் பாதி, செய்தவர் வேண்டுமென்றே மங்கலாக விட்டது. இலையின் உடலை மங்கலாகவும் நரம்பையும் விளிம்பையும் கல்லால் தேய்த்து மினுமினுப்பாகவும் முடிப்பது அந்தத் தொழிலின் அழகு. அந்த மேடு பள்ளத்தை எல்லாம் நான் ஒரே பளபளப்பாக ஆக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். எதையும் தேய்க்கும் முன், மேல்பரப்பில் இருப்பது என்ன என்று தெரிந்தாக வேண்டும். பித்தளை என்றால் நாளாக நாளாகக் கறுக்கும், களிம்பு ஏறும். தங்க முலாம் நன்றாக இருந்தால் அப்படி ஆகாது. தூசும் மெழுகும் படிந்து சோர்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதற்கு மென்மையான தூரிகை போதும். மெழுகு வழிந்து ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான காற்றைக் காட்டி இளக்கி, மூங்கில் குச்சியால் எடுப்போம். கத்தி, நகம் எதுவும் படக்கூடாது. சந்தேகம் என்றால் கையை வைக்காதீர்கள். மங்கலாக இருக்கும் ஒரு பொருள் இன்னும் பத்து வருடம் மங்கலாகவே இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.

இந்த மங்கல் எனக்குப் புரிந்தது வேறொரு இரவில். மறுநாள் விருந்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேசை நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த நீளத் தட்டம், அதன் மேல் தாங்கிகள், இருபத்து நான்கு மெழுகுவர்த்திகள் எரிகின்றன. திடீரென்று மின்சாரம் நின்றது. யாரும் பேசவில்லை. கண்ணாடித் தட்டம் ஒவ்வொரு சுடரையும் இரட்டிப்பாக்கியது. தாங்கியின் மங்கலான பாகம் நெருப்பை உள்ளே வாங்கிக்கொண்டு தேன் நிறத்தில் இருந்தது, மினுமினுப்பான விளிம்பு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. இந்தப் பொருட்கள் எல்லாம் இந்த வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டவை. பகலில் ட்யூப்லைட் போட்டுப் பார்த்துவிட்டு டல்லாக இருக்கிறது என்று குறை சொல்வது நியாயமே இல்லை. மின்சாரம் வந்ததும் எல்லாரும் கலைந்துபோனோம். நான் தேய்த்த அந்த இலைக்கொத்து மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தட்டையாக, உயிரில்லாமல் இருந்ததை அன்று பார்த்தேன்.

கண்ணாடித் தட்டம் என்றதும் நினைவுக்கு வருவது வெள்ளை மாளிகையில் இருப்பது. 1814இல் பிரிட்டிஷ் படைகள் அந்த மாளிகையை எரித்துவிட்டன. திரும்பக் கட்டியபோது அதிபர் ஜேம்ஸ் மன்றோ பாரிஸிலிருந்து சாமான்கள் தருவித்தார். 1817இல் வந்ததில் ஒன்று, தங்க முலாம் பூசிய வெண்கலச் சட்டம் போட்ட மேசைக் கண்ணாடித் தட்டம். ஏழு துண்டுகள், எல்லாவற்றையும் சேர்த்து நீட்டினால் 14 அடிக்கு மேல் போகும். 200 வருடம் தாண்டியும் அது அந்த மாளிகையிலேயே இருக்கிறது. துண்டு துண்டாகச் செய்ததுதான் அதன் ஆயுள் ரகசியம் என்று நான் நினைக்கிறேன். எங்களுடையது மூன்றே துண்டுதான். ஆனாலும் ஒரு துண்டுக்கு இரண்டு பேர், கையைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து, படுக்கை வாட்டில்தான் தூக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் பாதி வரை கண்ணாடிக்குப் பின்னால் பூசியது வெள்ளீயமும் பாதரசமும் கலந்த கலவை. கீறினாலும் ஈரம் பட்டாலும் அது உதிரும். முகம் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். புதுக் கண்ணாடி மாற்றிவிடலாமே என்று வருடத்துக்கு ஒருவராவது சொல்வார்கள். மாற்ற விடவில்லை.

முலாம் வெண்கலத்தின் மேல் இருந்தால் ஒரு விதி, மரத்தின் மேல் இருந்தால் முற்றிலும் வேறு விதி. சைட்போர்டுக்கு மேலே தொங்கும் நிலைக்கண்ணாடியின் சட்டம் மரம். மரத்தின் மேல் சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதற்கு மேல் சிவப்புக் களிமண், அதற்கு மேல்தான் மெல்லிய தங்கத் தாள். பசை தண்ணீரில் கரையும். துப்புரவுப் பணிக்குப் புதிதாக வந்த ஒருவர் ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடைத்தார். நல்ல எண்ணத்தில்தான். துணியில் செம்மண் கறை வந்ததும் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்து காட்டினார். அவர் அப்படி உடனே சொன்னதால் மீதிச் சட்டம் தப்பியது. அவரைத் திட்ட வேண்டும் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைத்துவிடுவார், மறைத்தால் சேதம் எனக்குத் தெரியாமலே வளரும். இப்போது அந்தக் கண்ணாடிக்கும் ஈரத்துணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கண்ணாடியைத் துடைக்கும்போதுகூட திரவத்தைத் துணியில்தான் தொட்டுக்கொள்ள வேண்டும், கண்ணாடி மேல் பீய்ச்சக்கூடாது. பீய்ச்சினால் கீழே வழிந்து சட்டத்துக்குள் இறங்கும்.

சரி, மேசைக்கு வருவோம்.

இழுத்து நீட்டி நடுவில் பலகை போடும் மேசைகள் 1800 வாக்கில் இங்கிலாந்தில் பிரபலம் ஆனவை. ரிச்சர்ட் கில்லோ என்பவர் அந்த வருடம்தான் உள்ளுக்குள் உள்ளாக நகரும் சட்டங்களுக்குக் காப்புரிமை எடுத்தார். எங்கள் மேசையும் அந்த ஜாதி. நடுப்பலகைகள் ஆறு. ஒவ்வொன்றின் அடியிலும் உளியால் கொத்திய எண் இருக்கிறது. வரிசை மாறினால் ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் உட்காராது. உட்காரவில்லை என்றால் பணியாளர்கள் உள்ளங்கையால் தட்டுவார்கள், அப்புறம் முஷ்டியால் குத்துவார்கள். அப்படித்தான் நாலாம் பலகையின் நாக்கு ஒன்று முறிந்தது. குனிந்து அடியில் பார்த்திருந்தால் போதும்.

பலகைகளில் இன்னொன்றும் கவனித்தேன். கிடங்கில் இருட்டில் கிடந்த இரண்டு பலகைகள் மட்டும் சிவந்து ஆழமாக இருந்தன. தினமும் ஜன்னல் வெளிச்சம் வாங்கிய மேசை வெளிறி, தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. பெரிய விருந்துக்கு எல்லாவற்றையும் போட்டால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். மஹோகனி வெயிலில் வெளிறும், வெளிறியது திரும்பாது. அதற்குப் பிறகு இரண்டு ஏற்பாடு செய்தோம். விருந்து இல்லாத நாளில் திரை மூடியே இருக்கும். பலகைகளை மாதத்துக்கு ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றி மேசையில் போட்டு வைப்போம். எட்டு வருடத்தில் நிற வித்தியாசம் பாதியாகக் குறைந்திருக்கிறது. கிடங்கில் அவற்றைச் சுவரில் சாய்த்து வைக்கக்கூடாது. சாய்த்தால் வளையும். சமமாகப் படுக்கவைத்து, இடையில் துணி கொடுத்து அடுக்க வேண்டும்.

மேசையின் பளபளப்பு அரக்கு பாலிஷ். அரக்கை ஸ்பிரிட் என்னும் சாராயத்தில் கரைத்து, பஞ்சுப் பொதியில் தொட்டு, நூற்றுக்கணக்கான தடவை இழுத்து இழுத்து ஏற்றியது. ஸ்பிரிட்டில் கரைந்தது என்பதால் மது சிந்தினாலும் கரையும். கோப்பையின் அடியில் தங்கிய மது ஒரு ராத்திரி கிடந்தால் காலையில் பாலிஷ் குழைந்துபோயிருக்கும். அதற்கு மருந்து சிந்திய நொடியிலேயே ஒற்றி எடுப்பதுதான். துடைக்கக்கூடாது, ஒற்ற வேண்டும். பரிமாறுகிறவர்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு காய்ந்த பருத்தித் துணி இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

வெள்ளை வட்டம் விழுவது வேறு கதை. சூடான பாத்திரமோ ஈரக் கோப்பையோ வைத்தால் அரக்குப் படலத்துக்குள் ஈரம் மாட்டிக்கொண்டு வெளுக்கும். முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. பற்பசை, சாம்பல், எண்ணெய் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எங்களுக்குப் பாலிஷ் போட வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன்.

“ஐயா, இதுக்கு என்ன தடவறது?”

“ஒண்ணும் தடவாதீங்க தம்பி. ஒரு வாரம் காத்துல விடுங்க. உள்ள போன ஈரம் வந்த வழியே போயிடும்.”

பெரும்பாலான வட்டங்கள் அப்படியே போய்விட்டன. போகாதவற்றை மட்டும் அவர் வந்து பார்ப்பார். பற்பசையும் சாம்பலும் உரசும் பொருட்கள். வட்டத்தோடு சேர்த்து அரக்கையும் சீவிக்கொண்டு போய்விடும். வட்டம் வெள்ளையாக இல்லாமல் கறுப்பாக இருந்தால் தண்ணீர் மரத்துக்கே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதில் நாமாகக் கை வைக்கக் கூடாது. கடையில் விற்கும் ஸ்ப்ரே பாலிஷும் வேண்டாம். அதில் இருக்கும் சிலிக்கோன் மரத்தின் துளைகளில் தங்கிவிடும், பின்னால் அரக்கு ஏற்றும்போது படலம் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். வருடத்துக்கு ஒரு தடவை தேன்மெழுகு மெல்லியதாகத் தடவி, நன்றாகத் துடைத்தெடுத்தால் தாராளம்.

விரிப்புக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் போட்ட ஓர் இரவும் உண்டு. தண்ணீர் இறங்காமல் காக்கும் என்று யாரோ சொல்ல, நானும் சரி என்றுவிட்டேன். மேலே சூடான பாத்திரங்கள், ஐந்து மணி நேரம். காலையில் தாளை உரித்தபோது மேசையில் அதன் சின்னச் சின்னக் கட்டங்கள் அச்சாகியிருந்தன. பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் அரக்கை இளக்கி ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெரியவருக்கு அதைச் சரிசெய்ய பதினொரு நாள் ஆனது. இப்போது தடிமனான பருத்தித் துணி, அதற்கு மேல் விரிப்பு. சூடான பாத்திரத்துக்குத் தனி மரத்தட்டு.

நாற்காலிகளில் நான் முதலில் பார்ப்பது அவை நகரும் விதம். முதுகின் மேல்கட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பது எல்லாருக்கும் இயல்பாக வருகிறது. அந்தக் கட்டை எடை தாங்குவதற்குச் செய்தது இல்லை. உட்காரும் சட்டத்தின் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்க வேண்டும். பழைய நாற்காலியில் கழுந்தும் (துளைக்குள் செருகும் மரமுனை) துளையும் வஜ்ரம் என்னும் விலங்குப் பசையில் நிற்கின்றன. அறை காய்ந்தால் பசை சுருங்கி விடுபடும். மூட்டு லேசாக ஆடுகிறது என்று தெரிந்த அன்றே அந்த நாற்காலியை விருந்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆடுகிற மூட்டில் ஒரே ஒரு விருந்து உட்கார்ந்தால் கழுந்து முறியும், அப்புறம் அது பெரிய வேலை. ஆணி அடிக்கக் கூடாது, திருகும் கூடாது. எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர் பின்னங்காலில் இரும்புத் திருகு முடுக்கியிருந்தார். துரு ஏறி, மரத்தைக் கிழித்துக்கொண்டு நீள வாக்கில் வெடிப்பு ஓடியிருந்தது. எபாக்ஸி மாதிரியான செயற்கைப் பசையும் வேண்டாம். வஜ்ரம் என்றால் வெதுவெதுப்பான ஈரத்தில் இளகும், ஐம்பது வருடம் கழித்து வருகிற தச்சர் சேதமில்லாமல் பிரித்துச் சரிசெய்யலாம். எபாக்ஸியைப் பிரிக்க மரத்தையே உடைக்க வேண்டியிருக்கும்.

எங்களிடம் இருக்கும் நாற்பதில் பதினெட்டு மட்டுமே பழையவை. மீதி பின்னால் அதே மாதிரி செய்தவை. தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பழையவற்றின் அடிச்சட்டத்தில் கை வைத்தால் இழைப்புளி போன தடம் அலை அலையாகத் தட்டுப்படும். புதியவற்றில் இயந்திர மழமழப்பு. இதைக் கண்டுபிடித்த பிறகு எந்த நாற்காலி எங்கே என்று வரைபடம் போட்டேன். அடிக்கடி எழுந்து உட்காரும் இடங்களில் புதியவை. பழையவை சுவரோரமாகவும் சின்ன விருந்துகளுக்கும். கழற்றக்கூடிய இருக்கைகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் அதனதன் சட்டத்துக்குப் பொருந்த இழைத்தது. இறுக்கமான இருக்கையை அழுத்தித் திணித்தால் மூட்டுதான் விரியும்.

ஈரப்பதம் பற்றி நான் தாமதமாகத்தான் யோசித்தேன். விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஏசியைப் போடுவார்கள், முடிந்ததும் நிறுத்துவார்கள். ஒரு சைட்போர்டின் மேல்பலகையில் நீளமாக வெடிப்பு விட்டபோது ஈரப்பத மானி ஒன்று வாங்கி, மூன்று மாதம் காலையும் மாலையும் குறித்தேன். ஒரே நாளில் எழுபது சதவீதத்திலிருந்து நாற்பதுக்கு இறங்கி மறுபடி ஏறியது தெரிந்தது. மரம் நீள வாக்கில் அவ்வளவாக அசையாது, குறுக்கு வாக்கில் சுருங்கும், விரியும். மேல்பலகையை ஓரத்தில் சட்டம் போட்டு இறுக்கியிருந்தால் அது விரிய இடமின்றி வெடிக்கும். அந்த நோட்டை நிர்வாகத்தில் காட்டினேன். பேசியதற்கு மசியாதவர்கள் எண்ணைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது ஏசி நாள் முழுக்க மிதமாக ஓடுகிறது, மானி ஐம்பதை ஒட்டியே நிற்கிறது. ஐம்பது என்பதைவிட, அது ஏறி இறங்காமல் இருப்பதுதான் மரத்துக்கு முக்கியம்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். முட்டை, ரப்பர், கம்பளித் துணி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய கரண்டிகளில் பேண்ட் இருந்த இடம் கறுப்புக் கோடாக விழுந்து, தேய்த்தும் போகாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் கையுறை போட்டுக் கழுவுவதும் அதே தப்பு, நைட்ரில் கையுறை போடலாம். உப்பு இன்னும் கொடியது. உப்புக்கிண்ணத்தின் உள்பக்கம் முலாம் பூசியிருப்பதும், நீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை உள்ளே வைத்திருப்பதும் உப்பு வெள்ளியைத் தின்னாமல் இருக்கத்தான். விருந்து முடிந்த இரவே உப்பைக் கொட்டிக் கழுவிவிட வேண்டும், காலைக்கு என்று விடக்கூடாது. ஒவ்வொரு விருந்துக்கும் பாலிஷ் போடுகிற பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளி போகிறது. முத்திரைகள் வழுக்கிப்போய்ப் படிக்க முடியாமல் ஆன தட்டுகள் எங்களிடமே இருக்கின்றன. வெந்நீரில் கழுவி, அப்போதே துடைத்து, கறுக்காமல் காக்கும் துணிப்பையில் வைத்தால் வருடத்துக்கு இரண்டு பாலிஷ் போதும்.

கத்திகள் மட்டும் விலக்கு. பழைய வெள்ளிப்பிடிக் கத்தியின் பிடி உள்ளே கூடு. அதில் குங்கிலியம் மாதிரியான பிசினை உருக்கி ஊற்றி, அலகின் வாலைச் செருகியிருப்பார்கள். வெந்நீரில் ஊறப்போட்டால் பிசின் உப்பும், பிடி ஒட்டிய இடத்தில் வாய் பிளக்கும். பதினொரு கத்திகள் அப்படிப் போயின. கத்தியை நிற்கவைத்த மாதிரி பிடித்து, அலகை மட்டும் நனைத்துக் கழுவுகிறோம்.

பீங்கானைப் பற்றி ஒன்றே ஒன்று: பருத்திக் கையுறை போட்டு எடுக்காதீர்கள், வழுக்கும். சுத்தமான, காய்ந்த வெறுங்கைதான் நல்லது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் உடலைத் தாங்க வேண்டும்.

கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசினால் பலருக்கும் கொட்டாவி வருகிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 1882இல் அதிபர் செஸ்டர் ஆர்தர் வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்கும்போது 24 வண்டி நிறைய பழைய சாமான்களை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். அன்றைக்கு அவை வெறும் பழசு. அங்கே உள்ள வரலாற்றுப் பொருட்களை விற்கவோ கொடுக்கவோ முடியாதபடி சட்டம் வந்தது 1961இல்தான். இதைப் படித்த அன்று எங்கள் கிடங்குக் கணக்கை எடுத்து ஒவ்வொரு பொருளாகத் தேடத் தொடங்கினேன். அலுவலக அறையில் கடிதத்தாள் வைக்கப் பயன்பட்ட, முன்பக்கம் வளைந்த, மூடி சாய்ந்த மரப்பெட்டி ஒன்றைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். உள்ளே தட்டுகளைக் கழற்றினால் பச்சைத் துணி ஒட்டிய தடம். 18ஆம் நூற்றாண்டின் கத்திப்பெட்டி அது. கத்திகளை நிறுத்தி வைக்கும் துளைப்பலகையை எடுத்துவிட்டுக் கடிதப்பெட்டியாக மாற்றியிருக்கிறார்கள். பிற்காலத்தில் நிறைய பெட்டிகளுக்கு இந்த கதி நேர்ந்தது. அதன் ஜோடி கிடங்கின் கடைசி அலமாரியில் சாவிக்கொத்துகளோடு கிடந்தது, அதில் துளைப்பலகை அப்படியே இருந்தது. இப்போது இரண்டும் சைட்போர்டின் இரு முனையிலும், அவற்றுக்கு உரிய இடத்தில் நிற்கின்றன. எந்தப் பொருளிலும் ஒட்டும் லேபிள் ஒட்டாதீர்கள். அதன் பசை கறையாகும். அடியில், கண்ணில் படாத இடத்தில் பென்சிலால் எண் எழுதி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

புதிதாக எது வந்தாலும் நேரே கூடத்துக்குள் கொண்டுவருவதில்லை. பரிசாக வந்த அலமாரி ஒன்றின் காலடியில் மாவு மாதிரி தூள் கிடந்ததைத் துப்புரவுப் பெண்மணி ஒருவர்தான் கவனித்தார். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத துளைகள். மரவண்டின் புழு மூன்று நாலு வருடம் உள்ளேயே தின்றுகொண்டிருந்துவிட்டு வெளியே வரும் வழி அது. அடியில் கறுப்புத் தாள் விரித்து வைத்தோம். மறுநாளே புதுத்தூள் வெளிறிய நிறத்தில் விழுந்திருந்தது, உள்ளே உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. தனி அறையில் வைத்து, ஆள் வரவழைத்து மருந்து கொடுத்த பிறகுதான் அது உள்ளே வந்தது.

பரிமாறும் பணியாளர்களிடம் ஒவ்வொரு விருந்துக்கு முன்னும் இருபது நிமிடம் நின்று பேசுவேன். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் கொக்கி எல்லாம் மேசை விளிம்பில் உரசும். அதைவிட மோசம் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. குனிந்து பரிமாறும்போது அது ஊஞ்சல் மாதிரி ஆடி, ஒரே உயரத்தில், நாற்பது இடத்தில் கீறும். அதைச் சட்டைப் பைக்குள் போடச் சொன்ன பிறகு விளிம்பில் புதுக் கீறல் ஏறக்குறைய நின்றுவிட்டது. பூச்சாடி வியர்க்கும், அடியில் தட்டு வேண்டும். லில்லிப் பூவின் மகரந்தத்தை முன்பே கிள்ளிவிட வேண்டும்.

போன மாதம் ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். விருந்துக்கு மறுநாள் காலையில் டார்ச்சை அவளிடம் கொடுத்தேன். தலையைச் சாய்த்து மேசையின் நீளம் முழுக்க ஒரு தடவை நடந்தாள். மூன்றாம் பலகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“அண்ணா, இங்க ஒரு வட்டம் இருக்கு. வெள்ளையா. துணி எடுத்துட்டு வரட்டுமா?”

“வேண்டாம்மா. எந்த இடம், எவ்வளவு அகலம்னு மட்டும் நோட்டுல எழுது.”

மூன்றாம் பலகை, ஜன்னல் பக்க விளிம்பிலிருந்து ஒரு சாண், அகலம் இரண்டரை அங்குலம் என்று எழுதினாள். தினமும் காலையில் வந்து தானாகவே டார்ச் அடித்துப் பார்த்தாள். நான்காம் நாள் ‘மங்கல்’ என்று எழுதியிருந்தாள். எட்டாம் நாள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள்.